கீல்

மாநகராட்சித் தாள் ஆறாவது வாரம் வந்தது.
அதற்குள் தூங்குமூஞ்சி இரண்டு விரற்கடை கூடுதலாய்ச் சாய்ந்திருந்தது.
சுற்றுச்சுவர் விரிசலின் ஓரம்
பென்சிலால் தேதி குறித்து வந்ததில் தெரியும்.
வெட்டக் கூலி கேட்ட தொகையில்
ஒரு பழைய பெட்ரோல் ரம்பமே வாங்கலாம். வாங்கிவிட்டேன்.
"முதலில் மரத்தை அள" என்றாள் அருள்மேரி.

விளக்குமாற்றுக் குச்சியைக் கை நீளத்துக்கு ஒடித்து
கண்ணுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்துப்
பின்னாலேயே நடந்தேன்,
குச்சிக்குள் மரம் முழுதாய் அடங்கும் வரை.
கேட்டைத் தாண்டி, சாக்கடை மூடியைத் தாண்டி,
கஸ்ஸாலி பாயின் ஸ்கூட்டரில் முதுகு முட்டி,
நின்ற இடம் குமரகுருவின் இஸ்திரி வண்டி.
"தலை இங்கேதான் வந்து விழும்" என்றேன்.
அண்ணாந்து பார்த்தார்.
பெட்டியை வைத்துவிட்டு
ஒரு சட்டையை நிதானமாய் மடித்தார்.
"அப்ப தலையை மொதல்ல எறக்கிடுங்க" என்றார்.

ஏறுவது எனக்கில்லை.
மேடவாக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து
கிளை கிளையாய்க் கயிற்றில் இறக்கிப் போனார்கள்.
மிச்சம் பதினெட்டடி மொட்டை.
அது என் பங்கு.

பதினோரு நாள் சமையலறையில் பயிற்சி.
வாழைத்தண்டை நிறுத்தி வைத்து
விழ வேண்டிய பக்கம் வாய் திறந்தாற்போல் ஒரு வெட்டு,
கால்வாசி ஆழம்தான்.
பிறகு எதிர்ப்பக்கம், சற்றே மேலே, பின்வெட்டு.
இரண்டும் சந்திக்கக் கூடாது.
நடுவே விடுகிற பட்டைதான் கீல்,
கதவுக்கு இருப்பது போலவே.
முதல் தண்டில் அதையும் அறுத்துவிட்டேன்.
அடுப்பு மேடையில் சுழன்று
எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் விழுந்தது.
அந்த வாரம் முழுக்கத் தண்டுக் கூட்டு.

மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் இரண்டு வரை மின்சாரம் இல்லை.
அன்றைக்குத்தான் நாள் குறித்தோம்.
அப்படியும் லைன்மேன் வந்து
எங்கள் இணைப்பைக் கழற்றும் வரை ரம்பத்தைத் தொடவில்லை.
பின்பக்கம் சாய்வாக இரண்டு வழி ஒதுக்கினேன்.
பழைய வாஷிங் மெஷின், செருப்புகள்,
மோட்டார் குழாய்மேல் உலர்த்திய கால்மிதி,
எல்லாம் எடுத்தாயிற்று.
காலில் எண்ணூர் மச்சானின் இரும்புமுனை ஷூ, ஒரு அளவு பெரிது.
விழ வேண்டிய கோட்டில் ஒரு குச்சி நட்டு
சிவப்புத் துணி கட்டினோம்.

முன்வெட்டு முடிந்தது. துண்டு கழன்று விழுந்தது,
தர்பூசணிக் கீற்று மாதிரி.
பின்வெட்டில் ஆப்பைச் செருகினேன்.
ரம்பம் நான்கு விரல் மிச்சத்தில் நின்றது.
மரமும் நின்றது.

நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை.
எங்கோ ஜெனரேட்டர். ஒரு காக்கை.
இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு இழுப்பு என்று
கை தானாகவே ரம்பத்துக்குப் போனது.
"கீலு!" தெருமுனையில் ஆட்களை மறித்து நின்றவள்
கத்தியது மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும்.
கையை எடுத்து, சுத்தியலை எடுத்தேன்.
ஓர் அடி.
இன்னோர் அடி.
உள்ளே எதுவோ இழை இழையாய்க் கிழிபடும் சத்தம்.
திரும்பிப் பார்க்காமல், ஓடாமல், நடந்தேன்.

தரை ஒருமுறை முழங்காலில் ஏறி இறங்கியது.

புழுதி அடங்கியபின் பார்த்தோம்.
அடிமுனை எகிறிப் பின்னால் வந்து
நான் நின்ற இடத்தில் ஒரு முழக் குழி பறித்திருந்தது.
கஸ்ஸாலி பாய் தண்ணீர் கொண்டுவந்தார்.
குடித்தேன். குழியைப் பற்றி யாரும் பேசவில்லை.

சிவப்புத் துணி அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.
மரம் அதைவிட்டு ஒரு சாண் தள்ளி விழுந்து
நீல வாளியை அப்பளமாக்கியிருந்தது.

இரண்டேகாலுக்கு மின்விசிறி சுற்றத் தொடங்கிற்று.
அருள்மேரி வெளியே
அடிக்கட்டைமுன் குந்தியிருந்தாள்.
சீப்புப் பல்லாய் நீட்டிக்கொண்டிருந்த இழைகளை
விரலால் அளந்தாள்.
"இந்தப் பக்கம் மூணு. அந்தப் பக்கம் ரெண்டரை."
எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள்.
"அதான் வாளி."